அய்யாவுக்கு இதுவே போதும்

கொரோனா வார்டில் ஓர் அய்யாவுக்கு ஆக்சிஜனைக் குறைத்ததைப் பற்றி நர்ஸான எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைத்தது சரி. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் குறைப்பேன். அவர் மகளான அந்த அக்கா கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் இத்தனை வருஷம் கழித்தும் உறுத்துகிறது.

2021 மே மாதம் எப்படி இருந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டியூட்டி மாறும்போது ஆக்சிஜன் டேங்கில் எத்தனை கே.எல். (கிலோ லிட்டர்) இருக்கிறது, லாரி எதுவரை வந்திருக்கிறது என்றுதான் முதலில் கேட்டுக்கொள்வோம், நோயாளிகளைப் பற்றிய பேச்சே அப்புறம்தான். அந்த நேரத்தில் ஆக்சிஜன் ரவுண்ட்ஸ் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மகாராஷ்டிராவில் நந்துர்பார் மாவட்டத்தில் இதற்கென்றே ‘ஆக்சிஜன் நர்ஸ்’ போட்டிருக்கிறார்கள் என்று செய்தியில் வந்ததே, அதே வேலைதான். ஒவ்வொரு பெட்டாகப் போய் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு (சாச்சுரேஷன்) எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். 92க்கும் 96க்கும் நடுவில் இருந்தால் போதும், அதற்கு மேல் காட்டினால் ஃப்ளோமீட்டரைத் திருகிக் குறைக்க வேண்டும். மாஸ்க்கைக் கழற்றித் தலையணையில் போட்டுவிட்டு பாத்ரூம் போனவர்கள் பெட்டில் சும்மா ஓடிக்கொண்டிருப்பதை மூட வேண்டும். முடிந்தவர்களைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும்.

அய்யாவுக்கு என்.ஆர்.பி. என்ற, பை வைத்த மாஸ்க்கில் நிமிஷத்துக்கு 15 லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வரும்போது 86, இப்போது 99 காட்டியது. டியூட்டி டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாதா மாஸ்க்குக்கு மாற்றி 6 லிட்டரில் வைத்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். 94க்கு வந்து அங்கேயே நின்றது. பக்கத்து பெட்டில் ஒரு சின்ன வயசுப் பையன், அவனுக்கு என்ன கொடுத்தாலும் 88ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

அய்யாவின் மகள் சண்டை போடும் குரலில் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

“ஏன் சிஸ்டர் குறைக்கிறீங்க? பக்கத்து பெட்டுக்குக் கொடுக்கவா?”

“இல்லக்கா, அய்யாவுக்கு இதுவே போதும்.”

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன்.

நான் சொன்னது பொய்யா என்றால், பொய் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் விதம் அப்படி. 94ல் இருப்பவருக்கும் 99ல் இருப்பவருக்கும் உடம்புக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனில் பெரிய வித்தியாசம் கிடையாது. 90க்குக் கீழே போனால்தான் சறுக்கு மரம் மாதிரி இறங்கும். போதாததற்கு, தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுப்பதும் நுரையீரலுக்கு நல்லதில்லை. காற்றுப் பைகளை விரித்து வைத்திருப்பதில் நைட்ரஜனுக்கும் பங்கு உண்டு, அதை வெளியேற்றிவிட்டு வெறும் ஆக்சிஜனால் நிரப்பினால் அது முழுக்க ரத்தத்தில் கலந்துபோய்ச் சில பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் நான் படித்தது கொரோனாவுக்கு முன்னாலேயே.

படித்திருந்தும், 2019ல் அதே வார்டில் ஒருவருக்கு 99 காட்டினால் நான் போய்த் திருகிக் குறைத்திருப்பேனா? மாட்டேன். நன்றாக இருக்கிறார் என்று சார்ட்டில் எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். டேங்க் நிறைய இருந்திருந்தால் அன்றைக்கும் அப்படித்தான். நான் திருகியதற்குக் காரணம் பற்றாக்குறை. பாடப்புத்தகம் அதற்குத் துணைக்கு வந்தது, அதிர்ஷ்டவசமாக உண்மையாகவும் இருந்தது. அந்த அக்காவிடம் துணைக்கு வந்த காரணத்தை மட்டும் சொன்னேன்.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி விஷயத்தில் இந்தச் சிக்கல் எனக்கு வந்ததே இல்லை. 6 மில்லிகிராம் ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டால், முதல் வாரம் வைரஸ் பெருகும், இரண்டாவது வாரம் வைரஸைவிட நம் உடம்பின் எதிர்ப்பே அளவு மீறிப் போய் நுரையீரலைக் கெடுக்கும், அதை அடக்கத்தான் இது என்று சொல்லிவிடுவேன். 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு முடிவு வந்ததிலிருந்து அது தெளிவு: வென்டிலேட்டரில் இருப்பவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜனில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பிரயோஜனம் இல்லை. ஊசி போடும் காரணமும் சொல்லும் காரணமும் அங்கே ஒன்றுதான்.

சரி, பக்கத்து பெட்டுக்குக் கொடுக்கத்தான் எடுத்தேனா என்றால் அதுவும் இல்லை. எல்லா பெட்டுக்கும் ஒரே பைப்லைன், இன்னாருக்கு என்று பெயர் எழுதியா ஆக்சிஜன் வருகிறது? ஆனால் கணக்கு இருக்கிறது. 15ஐ 6 ஆக்கினால் நிமிஷத்துக்கு 9 லிட்டர், மணிக்கு 540 லிட்டர் மிச்சம். மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில் ஒருவரைப் போட்டால் நிமிஷத்துக்கு 60 லிட்டர்கூட இழுக்கும், 7000 லிட்டர் பெரிய சிலிண்டர் இரண்டு மணி நேரம் தாங்காது. அய்யா மாதிரி ஏழு பேருக்குக் குறைத்தால் அந்தப் பையன் மாதிரி ஒருவரை ஹை ஃப்ளோவில் வைக்கலாம். இந்தக் கணக்கை மனசில் போட்டுக்கொண்டேதான் எல்லாரும் ரவுண்ட்ஸ் போனோம். அப்படிப் பார்த்தால் அந்த அக்கா கேட்டதுதான் சரி, என் ‘இல்லக்கா’தான் கொஞ்சம் சறுக்கியது.

அடுத்த நைட் டியூட்டியில் பார்த்தால் அய்யாவின் ஃப்ளோமீட்டர் 12ல் நிற்கிறது. ஹியூமிடிஃபையர் பாட்டில் கொதிக்கிற மாதிரி சத்தம் போடுகிறது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளியோடு துணைக்கு இருக்கும் அட்டெண்டர்கள் திருகிவிடுவது அப்போது எல்லா வார்டிலும் நடந்ததுதான், திட்டவும் திட்டியிருக்கிறோம். அன்றைக்குத் திட்டவில்லை. சாச்சுரேஷனைப் பார்த்துவிட்டுத் திரும்ப 6ல் வைத்தேன், அவரும் எதுவும் கேட்கவில்லை. முந்தின நாளே “டேங்கில் கம்மியா இருக்குக்கா, அய்யா தாங்குவார், தாங்க முடியாத ஆளுங்க இருக்காங்க” என்று சொல்லியிருந்தால் திருகியிருப்பாரா? திருகியிருக்க மாட்டார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கம்மியா இருக்கிறது என்று தெரிந்தால் எந்த மகளும் இன்னும் சீக்கிரமாகவே திருகுவாள், நானாக இருந்தாலும்.

அப்புறம் அய்யாவுக்கு மோசமாகி ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். இரண்டாவது வாரம், பலருக்கும் இறங்குகிற நேரம் அது. ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கினார். நான் குறைத்ததால் நுரையீரல் கெடாது. குறைத்த பிறகும் நம்பர் சரியாகத்தானே இருந்தது. ஸ்ட்ரெச்சரோடு போகும்போது அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு இதையெல்லாம் விளக்க முடியாது. அய்யா பிழைத்துக்கொண்டார். ஐ.சி.யு.விலிருந்து மெதுவாகத் தேறி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அப்படியானால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்? அந்த நம்பரால்தான். 2020 டிசம்பரிலேயே அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது, நான் அதைக் கேள்விப்பட்டது ரொம்பப் பிந்தித்தான். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தம் எடுத்துச் சோதித்தால் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளுக்கான அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். தோலின் நிறம் கூடக் கூட ஆக்சிமீட்டரின் சிவப்பு வெளிச்சம் ஏமாந்து, இருப்பதைவிட அதிகமாகக் காட்டுகிறது. 92 முதல் 96. எங்கள் ரவுண்ட்ஸின் அளவேதான். அய்யா வெயிலில் வேலை செய்த நல்ல கறுப்பு. எங்கள் வார்டில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். 94 என்று நின்றது உண்மையிலேயே 94தானா என்று ஏ.பி.ஜி. (தமனியிலிருந்து ரத்தம் எடுத்து அளக்கும் சோதனை) எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், ஜெனரல் வார்டில் அன்றைக்கு யாருக்கு ஏ.பி.ஜி. எடுத்தோம்.

அமெரிக்கக் கறுப்பர்களின் கணக்கை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது, ஒத்துக்கொள்கிறேன். தவிர 2024ல் ஐரோப்பாவில் கொரோனா ஐ.சி.யு. நோயாளிகளிடம் செய்த ஆய்வு ஒன்றில், ஆக்சிஜன் இலக்கைக் குறைவாக வைத்தவர்களுக்குத்தான் கருவிகளின் உதவியில்லாமல் உயிரோடு இருந்த நாட்கள் அதிகம் என்று வந்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் இலக்கு வைத்தது தமனி ரத்தத்தை எடுத்து அளந்து. நான் வைத்தது விரலில் மாட்டிய கிளிப்பை நம்பி. ஆக, ‘இதுவே போதும்’ என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

அதற்கப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன். ஏன் செய்கிறோமோ அந்தக் காரணத்தையே சொல்வது, பற்றாக்குறை என்றால் பற்றாக்குறை என்றே சொல்வது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்வேன், அவர்களும் தலையாட்டுவார்கள். போன டெங்கு சீசனில் ஒரு பையனின் அம்மா, “பிளேட்லெட் ஏத்த மாட்டீங்களா சிஸ்டர்?” என்று கேட்டார். ரத்தக் கசிவு இல்லை, எண்ணிக்கையும் ரொம்ப இறங்கவில்லை, ஏற்றத் தேவையில்லைதான். “தேவையில்லைம்மா, தானே ஏறிடும்” என்றேன். ஏறியது. ரத்த வங்கியில் அன்றைக்கு பிளேட்லெட் இருப்பில்லை என்று எனக்குக் காலையிலேயே தெரியும், அதை நான் சொல்லவில்லை.