ஸ்டேட்டஸைப் பார்ப்பது அண்ணாச்சியும்தான்

நாசரேத் பக்கம் ஒரு சிறிய ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. போன் சம்பந்தப்பட்ட வேலை எதுவானாலும் என் தலையில் கட்டுவது ஊர் வழக்கம். அப்படித்தான் எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவும் ஃபேஸ்புக் பக்கமும் என்னிடம் வந்து சேர்ந்தன. 2020 ஏப்ரலில் ஊரடங்கு. புனித வெள்ளிக்குக் கோயில் பூட்டிக் கிடந்தது. குருவானவரும் பாடுவதற்கு இரண்டு பேரும் மட்டும் நின்று நடத்திய மும்மணி (மூன்று மணி நேர) ஆராதனையை என் போனில்தான் நேரலையாக விட்டோம். தாராவியிலும் துபாயிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் அழுதுகொண்டே பார்த்ததாகச் சொன்னார்கள். ஊரடங்கு முடிந்தது, பொறுப்பு மட்டும் முடியவில்லை.

சபைக் குழுவில் சபையார்தான் இருக்கிறார்கள். ஸ்டேட்டஸ் அப்படி இல்லை. கடைக்காரன் நம்பர் ஊர் முழுக்க இருக்கும், ஊர் நம்பரெல்லாம் என்னிடம் இருக்கும். பால்காரர், கேபிள் பையன், பள்ளிவாசல் தெரு தையல்கார பாய், அம்மன் கோயில் கொடைக் கமிட்டியில் இருக்கிற அண்ணாச்சி என்று எல்லோரும் பார்ப்பார்கள். சமூக ஊடகத்தில் நற்செய்தி சொல்வதென்று பேசும்போது நம் ஆட்கள் இவர்களை மறந்தே போகிறார்கள். நமக்கு நாமே ஆமென் போட்டுக்கொள்கிறோம்.

வசனப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரிய உதயம், ரோஜாப்பூ, மேலே எரேமியா 29:11. சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகள், எதிர்பார்த்திருக்கும் முடிவு என்று வருகிற அந்த வசனத்தைப் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பார்க்காதவர் இருக்க முடியாது. ஒருநாள் ரோஜாப்பூ இல்லாமல் போட்டு, கீழே இப்படி எழுதினேன்: ‘இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு வந்த கடிதம். இதற்கு முந்தின வசனத்திலேயே, நீங்கள் திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்று சொல்லியிருக்கிறது.’

மறுநாள் அண்ணாச்சி ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தார்.

“ஏன் தம்பி, எழுபது வருஷம்னா நல்ல காலம் பேரனுக்குத்தானா?”

“ஆமா அண்ணாச்சி. அதுவரைக்கும் அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கன்னு அதே கடிதத்தில் இருக்கு. அந்த ஊர் நல்லா இருக்கணும்னு ஜெபிக்கவும் சொல்லியிருக்கு.”

“புடிச்சிட்டுப் போனவன் ஊருக்கா?”

“அவன் ஊருக்குத்தான்.”

நகலை வாங்கிக்கொண்டும் அவர் கிளம்பவில்லை. நின்று பேசினார். கரண்ட் போனதால் நானும் சும்மாதான் இருந்தேன். ரோஜாப்பூ படம் போட்ட காலத்தில் அவர் எதுவும் கேட்டதில்லை.

இனி எனக்கு எரிச்சலூட்டும் விஷயம். ‘அவசர ஜெபம்! இந்தியாவில் ஒலிசபாங் மாகாணத்தில் நேற்று இரவு 20 ஆலயங்கள் எரிக்கப்பட்டன, இன்று 200 ஆலயங்களை அழிக்கப்போகிறார்கள்’ என்று ஒரு செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். எரிப்பது புத்தமதத் தீவிரவாதிகளாம். ஒலிசபாங் என்று இந்தியாவில் ஒரு மாநிலமும் இல்லை, மாவட்டமும் இல்லை. பத்து வருடத்துக்கு மேலாக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் பொய் அது. 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020இல், பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. எங்கள் சபையார் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: காப்பி, பேஸ்ட். இப்படி அனுப்புகிற பெரியம்மாமார் மேல் எனக்குக் கோபமில்லை. நிஜமாகவே முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் 2008 ஆகஸ்டில் ஒடிசாவின் கந்தமாலில் உண்மையிலேயே ஆலயங்களும் வீடுகளும் எரிந்தன, ஆயிரக்கணக்கானவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஒலிசபாங்கை நம்பிப் பரப்புகிறவன் நாளைக்குக் கந்தமாலைப் பற்றிச் சொன்னால் அண்ணாச்சி ஏன் நம்ப வேண்டும்? அதனால் குழுவில் ஒரு விதி வைத்தோம். ஊர், தேதி, செய்தி எங்கிருந்து வந்தது என்ற மூன்றும் இல்லாத அவசர ஜெபத்தை அட்மின் அழித்துவிடுவார். அட்மின் நான்தான். ஞாயிற்றுக்கிழமை சிலர் என்னோடு பேசுவதில்லை.

ஐ.சி.யூ. போட்டோவும் கூடாது. ஜெபக்குறிப்புக்குப் பெயர் போதும், மூக்கில் குழாயோடு படம் எதற்கு?

சரி, எது சபைக்கு வெளியே போகிறது என்று கேட்டால், எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் அதிகம் பேர் பார்த்தது பிரசங்கம் இல்லை. அசனம்தான். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: கோயில் பண்டிகையின்போது ஊரே சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற விருந்து அது. பொருத்தனை செய்தவர்கள், அதாவது நேர்ந்துகொண்டவர்கள், ஆடு கொடுப்பார்கள், அரிசி கொடுப்பார்கள். ராத்திரி முழுக்க ஆண்கள் உட்கார்ந்து வெங்காயமும் கத்தரிக்காயும் நறுக்குவார்கள். விடியற்காலையில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்து ஓலைப்பாயில் கொட்டுவார்கள், ஆவியில் எதிரே நிற்கிறவன் முகம் தெரியாது. அதை ஒரு நிமிஷ வீடியோவாகப் போட்டேன். பின்னணிப் பாட்டு வைக்கவில்லை, அடுப்புச் சத்தமும் எங்கள் ஆட்களின் கத்தலும் மட்டும். கீழே, ‘பந்தியில் சாதி, மதம் கேட்பதில்லை. இயேசு யாரோடெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதுதான் அவர் மேல் இருந்த பெரிய புகார்’ என்று எழுதினேன்.

கேள்விகள் வரத் தொடங்கின. யாரோடு சாப்பிட்டார், யார் புகார் சொன்னது என்று தையல்கார பாயின் மகன் கேட்டான். வரி வசூலிப்பவர்களோடும் பாவிகளோடும் சாப்பிடுகிறாரே என்று மதத்தலைவர்கள் முறுமுறுக்கிற லூக்கா 15ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களை அனுப்பினேன். எங்கள் ஊரைவிட்டுப் போன ஒருவர், ‘பந்தியில் கேட்பதில்லை, கல்லறைத் தோட்டத்தில் கேட்கிறீர்களே?’ என்று எழுதியிருந்தார். அழித்துவிடலாம் என்றார்கள். அழிக்கவில்லை. அவர் சொன்னதில் பொய்யில்லை, பதில் சொல்ல வேண்டியது சபை.

இந்த வருஷ அசனத்துக்கு ட்ரோன் வாடகைக்கு எடுக்கலாம் என்று வாலிபர் சங்கத்தில் சொல்கிறார்கள். மேலே பறந்தால் கூரைதான் தெரியும், அண்டாப் பக்கம் ஒருத்தன் போனோடு நின்றால் போதும் என்பது என் கட்சி. கமிட்டி இன்னும் முடிவு சொல்லவில்லை.