கதவருகே ஒரு பை

ஸ்கார்பரோவுக்கு வந்து மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. பனியில் வழுக்காமல் நடக்க வந்துவிட்டது. பேருந்துக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்பதும் அத்துப்படி. இன்னும் பழகாதது ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் வீடியோ கால். போன் அடித்ததும் என் இணை கையில் கரண்டியோடு படுக்கையறைக்குள் போய்விடுவாள். ஒருமுறை நடுவில் குக்கர் விசிலடித்துவிட்டது.

“யாருடி சமைக்கிறது?”

“ரூம்மேட்மா.”

“ம்” என்று அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. கனடாவில் 2005லிருந்து இரண்டு பெண்கள் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். நாங்களும் போன ஜூனில் செய்துகொண்டோம். அந்தப் பத்திரம் இருக்கும் அதே வீட்டில்தான் இந்த ரூம்மேட் கதையும்.

பனிப்புயல் அடித்த ஒரு சனிக்கிழமை ‘சஞ்சாரம்’ பார்த்தோம். 2004ல் வந்த மலையாளப் படம். ஒரே ஊரில் சேர்ந்து வளர்ந்த இரண்டு பெண்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். என்னை உலுக்கியது அந்த அவசரம்தான். திண்டுக்கல்லில் என் இணைக்கும் அப்படித்தான் நடந்தது. 2019ல் அண்ணன் போனைப் பிடுங்கிய அன்று மாலையே தரகர் வந்துவிட்டார். பதினோரு நாள் அறைக்குள் பூட்டு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை எல்லாம் அப்பாவின் பீரோவுக்குள். அப்புறம் ‘சரி செய்ய’ ஒரு டாக்டர். அவர் கொடுத்த மாத்திரையில் நாளெல்லாம் தூக்கம்தான். இப்படி மாற்றப் பார்க்கும் சிகிச்சை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்னது 2021ல். எங்களுக்கு இரண்டு வருடம் தாமதம்.

படம் முடிந்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இதை எடுத்த லிஜி புல்லப்பள்ளி சிகாகோவில் வக்கீலாக இருந்தவர். இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன ‘ஃபயர்’ இந்திப் படத்தை எடுத்த தீபா மேத்தா கனடாவில் குடியேறியவர். 1998ல் அந்தப் படம் ஓடிய மும்பை தியேட்டர்களைச் சிவசேனாக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். தமிழில் இதே மாதிரிக் காதலைச் சொன்ன ‘கட்டுமரம்’ எடுத்த சொர்ணவேல் மிச்சிகனில் பேராசிரியர். “வெளியே வந்தால்தான் இதையெல்லாம் சொல்ல முடிகிறது போல” என்றேன்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்ப தேபலீனா?”

கேட்டது நியாயம்தான். அவர் வங்காளத்திலேயே இருந்து எடுத்த ஆவணப்படம் ‘எபங் பேவாரிஷ்’. 2011ல் நந்திகிராமில் இரண்டு பெண்கள் சேர்ந்து உயிரை விட்டதைப் பற்றியது. உடல்களை வாங்கிக்கொள்ளக்கூட வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. முன்பு ஒருமுறை பார்க்க உட்கார்ந்து பாதியில் நிறுத்திவிட்டோம். நிறுத்தச் சொன்னது நான்தான். உள்ளே பூட்டிக் கிடந்தவள் அவள், படம் பார்க்க முடியாதவள் நான்!

அன்று திண்டுக்கல்லில் கல்யாணப் புடவை எடுக்க வீட்டில் எல்லோரும் கடைக்குப் போன மதியம், தலைவலி என்று படுத்திருந்தவள் அரிசி டப்பாவுக்குள் இருந்த பீரோச் சாவியை எடுத்தாள். ஃபைலோடு பஸ் ஏறினாள். இங்கும் அந்த ஃபைல் ஒரு பழைய தோள்பையில், வாசல் கதவுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. போன வாரம் ஏதோ படிப்புக்கு விண்ணப்பிக்க மார்க் ஷீட் தேவைப்பட்டது. எடுத்து ஸ்கேன் செய்தாள், திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“அலமாரியில்தான் இடம் இருக்கே” என்றேன்.

“இங்கயே இருக்கட்டும்” என்றாள்.