மறதி உண்மையா என்று பார்த்த சோதனை

பின்னால் வந்த கார் இடித்ததில் தொடங்கிய கழுத்து நோ வருடக்கணக்கில் நீண்டது. நோவை விட மறதிதான் பெரிய தொல்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது போய்விடும். தலையில் அடிபடவில்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஒன்டாரியோவில் வாகனக் காப்புறுதி நிறுவனம் தன் செலவில் ஒரு மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். அப்படித்தான் என்னை ஒரு நரம்பியல் உளவியலாளரிடம் (ஞாபகம், கவனம் போன்றவற்றைச் சோதிப்பவர்) அனுப்பினார்கள்.

"முடிந்தவரை முயன்று செய்யுங்கள். முயற்சியைப் பார்க்கும் சோதனைகளும் இடையில் வரும்" என்றார். எவை என்று சொல்லவில்லை. பொய்க்காரி என்று முடிவு கட்டித்தான் கூப்பிட்டார்களோ என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு சோதனையில் கோட்டுப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்புறம் இரண்டிரண்டாகக் காட்டி, முன்பு பார்த்தது எது என்று கேட்டார். கழுத்து இழுத்தபடி இருந்தாலும் விடை தானாக வந்தது. இந்த வகைச் சோதனையைப் பற்றிப் பிறகு வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு காட்டினாலே பாதி சரியாக வரும். அதை விட நன்றாகக் குறைந்தால், சரியானது தெரிந்தே மற்றதைக் காட்டியிருக்கிறார் என்று கருதுவார்கள். ஆனால் தேற வேண்டிய அளவு பாதிக்கு வெகு மேலே. தலையில் உண்மையாகவே காயப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டுகிறார்களாம். கையைக் குளிர்நீரில் வைத்து வலி உண்டாக்கிச் செய்த 2005ஆம் ஆண்டு ஆய்வொன்றிலும் மதிப்பெண் குறையவில்லை. அதனால் "நோவில் தவறிவிட்டது" என்ற சாட்டு இங்கே அவ்வளவாக எடுபடாது.

என்னை அலைக்கழித்தது உடம்பையும் மனநிலையையும் பற்றிய 338 வசனங்கள் கொண்ட சரி/பிழைப் படிவம். உடம்பு முறைப்பாடுகளுக்கு நோவோடு வாழ்கிறவர் நேர்மையாகவே நிறைய 'சரி' போடுவார். மிகைப்படுத்துகிறார் என்று அதை வாசித்துவிட இடமுண்டு; எனக்கு அந்தப் படிவத்தில் இன்னும் முழு நம்பிக்கை இல்லை. இருக்க முடியாதபோது எழுந்து நின்றுதான் நிரப்பினேன். அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

அறிக்கை வந்தது. முயற்சி நம்பத்தக்கது, ஞாபகசக்தி வழமையான அளவில், கவனமும் வேகமும் குறைவு. காரணமாக எழுதியிருந்தவை நோ, தூக்கமின்மை, மனச்சோர்வு, நோவுக்கு நான் எடுக்கும் கபாபென்டின் மாத்திரை. ஆங்கிலம் என் இரண்டாம் மொழி என்பதால் சொல் சார்ந்த மதிப்பெண்களை அப்படியே எடுக்க வேண்டாம் என்றும் ஒரு வரி இருந்தது, அது நியாயம். மூளைக்குச் சேதமில்லை என்று கேட்டதில் நிம்மதி. இப்போது குடும்ப வைத்தியர் மாத்திரையின் அளவைக் குறைத்துப் பார்க்கிறார். தூக்கத்துக்கான சிகிச்சைக்குக் காப்புறுதி ஒத்துக்கொண்டது. மற்றவற்றுக்கு இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.