பெட்போர்ட் லொறியின் பழைய சொந்தக்காரர்களைத் தேடி: கொக்கட்டிச்சோலை முதல் சம்மாந்துறை வரை

பழைய லொறி வாங்குகிறவர்கள் முதலில் டயரைப் பார்ப்பார்கள், அடுத்து பலகையைத் தட்டிப் பார்ப்பார்கள். வாகனப் பதிவுப் புத்தகமான சீ.ஆர். புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் பொனட்டுக்குக் கீழே உள்ள நம்பரும் ஒன்றா என்று பார்க்கிறவர்கள் குறைவு. களுவாஞ்சிக்குடியில் என் மாமா வாங்கி நிறுத்தியிருக்கும் பெட்போர்ட் 'ஜே' லொறியில் இரண்டும் ஒன்றல்ல. புத்தகம் பெட்ரோல் என்கிறது. ஸ்டார்ட் பண்ணினால் டீசல் அடிக்கிறது.

அதோடு இன்னொரு சிக்கல். புத்தகத்தில் கடைசியாக இருக்கும் பெயர் மாமாவுக்கு விற்றவருடையது அல்ல. கொக்கட்டிச்சோலையில் நிறைய வயல் வைத்திருந்த போடியார் ஒருவருடையது. அவருக்குப் பிறகு லொறி கை மாறியதெல்லாம் ஓப்பன் பேப்பரில். நம் நாட்டில் இது தெரியாதவர்கள் இல்லை. விற்கிறவர் மாற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பார், வாங்குகிறவர் தன் பெயரை எழுதாமலே அடுத்தவருக்குக் கொடுப்பார். வாகனம் ஊர் ஊராகப் போகும், புத்தகம் நின்ற இடத்தில் நிற்கும். அந்த இடைவெளியில் யார் யார் வைத்திருந்தார்கள் என்பதை எந்தக் கந்தோரும் சொல்லாது. மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும், அவர்களும் வயதாகிக்கொண்டு போகிறார்கள். அதனால்தான் மாமாவும் நானும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம்.

கிளம்புவதற்கு முன் லொறியையே ஒரு தடவை வாசித்தோம். லொறியின் அடிச்சட்டமான சேசியில் நம்பர் இருந்த இடத்தில் கறளும் பழைய கிறீசும் ஒரு விரல் தடிப்புக்கு ஏறியிருந்தது. மாமா மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, கம்பித் தூரிகையால் மெதுவாகத் தேய்த்தார். பிறகு வெண்கட்டியைக் குறுக்கே பூசி, துணியால் மேலாகத் துடைத்தார். பள்ளத்தில் நின்ற வெள்ளை, எண்களாக எழும்பி வந்தது. புத்தகத்தில் இருப்பதேதான், ஓர் எண்ணும் பிசகவில்லை. ஆக, உடம்பு அதுதான், இதயம்தான் வேறு.

'ஜே' வரிசை பெட்போர்ட் 1958-இல் வந்தது. இங்கிலாந்தின் வோக்ஸ்ஹோல் கம்பனி டன்ஸ்டபிள் என்ற ஊரில் செய்த லொறி. ஜே-க்குப் பக்கத்தில் வரும் எண் கூடக் கூட ஏற்றக்கூடிய பாரமும் கூடும். எங்களுடையதில் முதலில் இருந்தது 214 பெட்ரோல் எஞ்சின். 214 என்பது கன அங்குலக் கணக்கு, ஏறக்குறைய மூன்றரை லீட்டர், ஆறு சிலிண்டர். எழுபதுகளில் இறக்குமதி இறுக்கமாக இருந்தபோது இருந்த லொறியைப் பழுது பார்த்துப் பார்த்தே ஓட்ட வேண்டியிருந்தது. 1977-க்குப் பிறகு பொருளாதாரம் திறந்ததும் ஜப்பான் லொறிகள் வந்து குவிந்தன. அந்த இடைக்காலத்துக் கராச் கைகளின் கெட்டித்தனத்தால்தான் இந்த லொறிகள் இன்றும் நிற்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது உள்ளே இருப்பது பேர்கின்ஸ் 6.354. ஆறு சிலிண்டர், 354 கன அங்குலம். பேரிலேயே எல்லாம் இருக்கிறது. 1974 முதல் வந்த பேர்கின்ஸ் எஞ்சின்களில் நம்பரை வாசிக்கத் தெரிந்தால் பிறந்த ஊரும் ஆண்டும் தெரிந்துவிடும். நடுவில் 'யூ' எழுத்து இருந்தால் இங்கிலாந்தில் செய்தது. கடைசி எழுத்து ஆண்டு: 'ஏ' 1974, 'பி' 1975. எங்களுடையது 'டி'யில் முடிகிறது, 1977. அப்படியென்றால் லொறி ஓடத் தொடங்கிப் பல வருடத்துக்குப் பிறகு செய்த எஞ்சின். எங்கிருந்து வந்தது?

நம்பர் பிளேட்டில் உள்ள சிங்கள ஸ்ரீ காலத்தை மட்டும் சொல்லும், ஆளைச் சொல்லாது. அந்த எழுத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தனிச் சரித்திரமே உண்டு. அது வந்த 1957-இல் தமிழரசுக் கட்சிக்காரர் அதை எதிர்த்துத் தமிழில் ஸ்ரீ எழுதி வாகனம் ஓட்டினார்கள். என் தாத்தாவின் தலைமுறை அதை மறக்கவே இல்லை.

முதலில் கொக்கட்டிச்சோலை. மண்முனைப் பாலம் 2014-இல் திறந்த பிறகு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போவது பெரிய காரியமல்ல. அதற்கு முன் வாவியைக் கடக்கப் படகுப் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர், கொஞ்சம் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை வயல். தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் விசாரித்ததும் போடியார் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அவர் காலமாகி வெகு நாளாகிவிட்டது. மூத்த மகள் இருந்தார். எழுபதைத் தாண்டிய அம்மா. லொறியின் நம்பரைச் சொன்னதும் எங்களைத் திண்ணையில் இருத்திவிட்டு உள்ளே போய் ஒரு படத்தோடு வந்தார்.

படத்தில் லொறி மாலை போட்டு நிற்கிறது. கதவில் முந்திய சொந்தக்காரரின் பெயரை அழிக்காமலே விட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் உள்ள அதே அம்பாறைக் கொந்தராத்துக்காரர் பெயர். "அப்பா அம்பாறையிலதான் வாங்கினவர் மனே. பெட்ரோல் குடிச்சுக் குடிச்சுக் கையக் கடிச்சிட்டு. தங்கச்சிக்கு வீடு கட்டணும், சீதனம் குடுக்கணும். சூறாவளிக்குப் பிறகு சம்மாந்துறை ஆலைக்காரருக்குக் குடுத்திட்டார்" என்றார். புத்தகத்தில் இல்லாத முதல் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார்.

மாமா தயங்கித் தயங்கித்தான் கையெழுத்து விஷயத்தைச் சொன்னார். போடியார் இல்லாத நிலையில், வாரிசுகள் சத்தியக் கடதாசி கொடுத்தால் நல்லது என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "அப்பாட லொறி திரும்ப ஓடினால் எங்களுக்குச் சந்தோசம்தானே. தங்கச்சியிட்டயும் நான் சொல்றன்" என்றார். வெள்ளைக் கட்டித் தயிரோடு சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

அம்பாறையில் அதிகம் கிடைக்கவில்லை. கொந்தராத்துக்காரரின் விலாசம் இங்கினியாகலப் பக்கம். 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த இடம் அது. அமெரிக்கக் கம்பனி ஒன்று கட்டிய அணை, அதன் பின்னால் சேனநாயக்க சமுத்திரம். விலாசத்தில் இப்போது ஒரு கடை இருக்கிறது, ஆட்களைத் தெரிந்தவர் இல்லை. அணையைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

சம்மாந்துறையில்தான் விஷயம் துலங்கியது. ஆலைக்காரரின் பெயரைச் சொல்லி விசாரித்து, கடைசியில் ஒரு பழைய கராச்சுக்கு வந்து சேர்ந்தோம். இப்போது மகன் நடத்துகிறார். வாப்பா உள்ளே கதிரையில் இருந்தார், கண் கொஞ்சம் மங்கல். மாமா போனில் எடுத்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் தடித்த இரும்புத் தகடு ஒன்று இருக்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதற்காகக் கையால் வெட்டியது. அந்தப் படம் வந்ததும் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"மேல்பக்கம் ஒரு ஓட்டை அடைச்சிரிக்கும், பாருங்க" என்றார். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தோம். இருந்தது. ஒரு போல்ட் துளை வெல்டிங்கால் நிரப்பி, பக்கத்தில் வேறொன்று துளைத்திருந்தது. "அது எனக்கிட்டப் பிழைச்ச ஓட்டை. அடைச்சிட்டு மற்றதப் போட்டன். இது நான் ஏத்தின எஞ்சின் தம்பி."

அவர் சொன்ன கதை இது. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பையும் அம்பாறைப் பக்கத்தையும் அடித்துப் போட்டது. கரண்ட் கம்பியெல்லாம் விழுந்ததால் ஆலைக்காரர் நெல் குற்ற ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். அதில் இருந்ததுதான் இந்தப் பேர்கின்ஸ். கரண்ட் வந்த பிறகு ஜெனரேட்டர் சும்மா நின்றது. அந்த நேரம் பார்த்துப் போடியாரிடம் வாங்கிய லொறியின் 214-இல் கிராங்க் உடைந்தது. காக்காவிடம், அதாவது இந்தக் கராச் வாப்பாவிடம் சொல்லி, நிற்கிற எஞ்சினை ஓடுகிற லொறியில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

சொல்வதற்குச் சுலபம். ஜெனரேட்டர் எஞ்சினின் வேகத்தை அடக்கும் பாகமான கவர்னர், நிமிடத்துக்கு 1500 சுற்றிலேயே அதைப் பிடித்து வைத்திருக்கும்; அப்போதுதான் கரண்ட் 50 ஹேர்ட்ஸில் நிற்கும். அதே எஞ்சின் லொறியில் வந்தால் அந்தச் சுற்று போதாது, 2800 வரை ஏற விட வேண்டும். முதல் ஓட்டத்தில் லொறி மாட்டு வண்டிக்கு வழிவிட்டதாம். காக்கா டீசல் பம்பைக் கழற்றிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோய், கவர்னரை மாற்றி எடுத்து வந்தார். ரேடியேட்டரை முன்னே தள்ளினார், எஞ்சின் கால்களைப் புதிதாக அடித்தார். எல்லாம் ஒரு கை வெல்டிங் மெசினும் துளைக்கிற மெசினும் வைத்துக்கொண்டு. 1990-இல் நிலைமை கெட்டு ஆலை மூடும் வரை அந்த லொறி சம்மாந்துறை நெல்லை ஏற்றியது. பிறகு கொட்டிலில் நின்று, ஆலைக்காரரின் மகன் கை, ஒரு தரகர் கை என்று மாறி மாமாவிடம் வந்தது.

பழைய வாகனப் பிரியர்களில் சிலர் மாமாவிடம் பேர்கின்ஸைக் கழற்றி 214 தேடிப் போடச் சொல்கிறார்கள். கம்பனியிலிருந்து வந்தபடியே இருந்தால்தான் மதிப்பு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 214 இந்தச் சேசியில் இருந்த காலத்தைவிடப் பேர்கின்ஸ் இருந்த காலம் அதிகம். அந்தத் தகட்டையும் அடைத்த துளையையும் கழற்றிப் போட்டால் இந்த லொறி எங்கள் ஊர் லொறியாக இருந்ததற்கான அடையாளம் போய்விடும். வெளிநாட்டில் நூறு 214 கிடைக்கும், அந்தத் தகடு ஒன்றுதான் உண்டு.

மாமாவும் அப்படியே முடிவெடுத்தார். இரண்டு சகோதரிகளின் சத்தியக் கடதாசி, எஞ்சின் மாற்றியதைப் பற்றிக் காக்கா கையெழுத்திட்ட கடிதம், இரண்டு நம்பர்களையும் பென்சிலால் தேய்த்தெடுத்த தாள், எல்லாவற்றையும் சேர்த்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்றும், எஞ்சின் நம்பரில் கடைசியில் 'டி' என்றும் எழுதிக் கேட்டிருக்கிறோம்.