சிவப்பு ஹால்: நாற்காலிக் கால் இன்னும் வரவில்லை

நான் தீட்டிக்கொண்டிருக்கும் ஓவியத்தில் நேற்று ராத்திரி ஒருவழியாகக் கடிகாரம் வந்துவிட்டது. நாற்காலிதான் மூன்று முறை அழித்தும் வரவில்லை.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘சிவப்பு ஸ்டூடியோ’ (1911) ஓவியத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் மேசை, நாற்காலியெல்லாம் வெறும் கோடு, அதுவும் சிவப்பின்மேல் இழுத்த கோடு கிடையாது. சுவரை நீலமாகவும் தரையை இளஞ்சிவப்பாகவும் சாமான்களை மஞ்சள்காவியாகவும் தீட்டிவிட்டு, அப்புறம் மனுஷன் எல்லாவற்றின்மேலும் வெனிஸ் சிவப்பை ஏற்றியிருக்கிறார், கோடு வரவேண்டிய இடத்தை மட்டும் பூசாமல் விட்டு. அதையே பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் ஹாலுக்குச் செய்து பார்க்கிறேன்: தையல் மெஷின், சாமி மேடை, அம்மாவின் பிரம்பு நாற்காலி. அவருடையது இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். என்னுடையது 60க்கு 75 செ.மீ., அதற்கே நாக்கு தள்ளுகிறது.

முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டினேன், அடியில் சிவப்பு கசிந்தது. டேப் ஓரத்தை மேட் மீடியத்தால் (வண்ணத்தில் கலக்கும் நிறமில்லாத பசை) அடைத்ததும் கசிவு நின்றது, ஆனால் கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி விறைத்துப்போய், பிரம்பு நாற்காலி ஆஸ்பத்திரி நாற்காலி ஆகிவிட்டது. இப்போது கையால்தான். தட்டைத் தூரிகையால் இரண்டு பக்கமிருந்தும் சிவப்பைக் கொண்டுவந்து நடுவில் நூலளவு விடுகிறேன். ஒரு பக்கம் கை நடுங்கினால் மறுபக்கமும் கூடவே வளையவேண்டும். காற்றாடி ஓடினால் அக்ரிலிக் உடனே இழுத்துக்கொள்கிறது, நிறுத்தினால் வியர்வை கேன்வாஸில் சொட்டுகிறது. பின்னங்கால் வளையும் இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் கோடு அடைபடுகிறது. அடைபட்டதன்மேல் மஞ்சள் கோடு இழுத்து ஏமாற்றியும் பார்த்தேன், எட்ட நின்றாலே ஒட்டுப்போட்டது தெரிகிறது.

சிவப்புக்கும் ஒரு கதை. வெனிஸ் சிவப்பு இரும்பு ஆக்சைடுதான், கோயில் மதில் காவிக்கு உறவு. ஒரு கடையில் வாங்கிய டியூப் பாதி கல்லாக இருந்தது, மாற்றித் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். கடுப்பில் ஹார்ட்வேர் கடைப் பொடியை வாங்கி மீடியத்தில் குழைத்தேன். அருமையாக மூடுகிறது, கொஞ்சம் நறநறப்பு, இன்னும் அரைக்கவேண்டும்.

அடுத்தது சமையலறை. 1908இல் அவர் தீட்டிய ‘சிவப்பில் இசைவு’ படத்தில் மேசைவிரிப்பும் சுவரும் ஒரே சிவப்பு, ஒரே பூவேலை. அதுவும் முதலில் நீலமாக இருந்து சிவப்பானதுதான். எனக்குப் பூவேலைக்குப் பதில் வீட்டிலிருக்கும் பாத்தேக் (மெழுகு தடவிச் சாயமேற்றிய துணி) விரிப்பு.

அம்மா வந்து பார்த்து, “கடிகாரத்துக்கு முள் எங்கடா?” என்றார். அந்தப் படத்துக் கடிகாரத்திலும் முள் கிடையாதும்மா என்றேன்.

“அவர் நாற்காலிக்குக் காலாவது இருந்ததா?”

உப்புத்தாள் எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்திருக்கிறேன்.