இனப்பெருக்கத் தடைகள்: வினாத்தாளிலும் செய்முறையிலும் சறுக்கும் இடங்கள்

நெருங்கிய உறவுள்ள இரண்டு பூக்கும் தாவரச் சிற்றினங்கள் ஏன் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை? இந்தப் பாடத்தைத் தடைகளின் பட்டியலாக மனப்பாடம் செய்தால் சிறு வினாக்களைச் சமாளித்துவிடலாம். "எந்தத் தடை முக்கியமானது, மதிப்பிடுக" என்று நெடுவினா வந்தால் பட்டியல் கைகொடுக்காது. தடைகள் வரிசையாக வேலை செய்கின்றன. முன்னது தடுத்தது போக மிஞ்சியதைத்தான் பின்னது தடுக்க முடியும். இது பிடிபட்டுவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

அதனால் படிக்கும்போதே காலவரிசையில் படியுங்கள். முதலில் வாழிடம், அடுத்து பூக்கும் காலம், பிறகு மகரந்தச் சேர்க்கையாளர். மகரந்தம் சூலகமுடியில் விழுந்த பின் அது முளைப்பது, மகரந்தக்குழாய் சூலகத்தண்டில் வளர்வது, சொந்த இன மகரந்தத்தோடு போட்டி. கருவுற்ற பின் கருவூண் திசு (விதைக்குள் கருவுக்கு உணவூட்டும் திசு) சிதைவது, கலப்பினம் நலிவது, அது மலடாவது, இரண்டாம் தலைமுறையில் குலைவது. கருவுறுதலுக்கு முன், பின் என்ற பெரிய பிரிவு இதற்குள் தானாகவே அடங்கிவிடும்.

கணக்குக்கு வருவோம். ஒரு தடையின் வலிமையை 1 − (கலப்பு ÷ சொந்தம்) என்று கணிக்கலாம். சொந்த இன மகரந்தம் இட்ட கனியில் 40 விதை, வேற்றின மகரந்தம் இட்டதில் 10 விதை என்றால் வலிமை 0.75. இப்போது ஒரு சோடிச் சிற்றினங்களில் சேர்க்கையாளர் தடை 0.8, விதை பிடிக்கும் நிலையில் 0.75, கலப்பின மலட்டுத்தன்மை 0.5 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டினால் 1.0-ஐத் தாண்டிவிடும், விடைத்தாளில் அதிகம் காணும் பிழை இதுதான். சரியான வழி: முதல் தடையின் பங்கு 0.8. மிச்சம் 0.2, அதில் 0.75 என்றால் பங்கு 0.15. மிச்சம் 0.05, அதில் பாதி 0.025. மொத்தம் 0.975. வரிசையைத் தலைகீழாக்கினாலும் மொத்தம் மாறாது. ஆனால் மலட்டுத்தன்மையின் பங்கு 0.025-இலிருந்து 0.5-க்குப் போய்விடும். வரிசையைக் குறிப்பிடாமல் பங்கைச் சொன்னால் விடைக்குப் பொருளில்லை என்று அடித்துச் சொல்வது இதனால்தான்.

வேற்றின மகரந்தத்தில் விதை கூடுதலாகப் பிடித்தால் இந்தச் சூத்திரம் எதிர்மறையில் எல்லையின்றி இறங்கும். அதற்குத்தான் 1 − 2 × கலப்பு ÷ (கலப்பு + சொந்தம்) என்ற வடிவம். இதன் விடை −1-க்கும் +1-க்கும் இடையில் நிற்கும். மேலே உள்ள விதைக் கணக்கில் இது 0.6 தரும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். எதைப் பயன்படுத்தினீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

எடுத்துக்காட்டு ஒன்றை ஆழமாகத் தெரிந்து வைத்தால் போதும். எங்கள் தேர்வு வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளரும் மிமுலஸ் லூயிசி, மிமுலஸ் கார்டினாலிஸ் சோடி. முன்னது உயரமான மலைப்பகுதியில், இளஞ்சிவப்புப் பூ, பம்பிள் தேனீக்கள் வரும். பின்னது தாழ்வான இடங்களில், சிவப்புப் பூ, ஹம்மிங் பறவைகள் வரும். 2003-இல் வெளியான ஆய்வு இடப்பரவல் தடையை 58.7%, சேர்க்கையாளர் தடையை 97.6% என்று மதிப்பிட்டது. எது வலியது என்று கேட்டால் சேர்க்கையாளர். எதன் பங்கு அதிகம் என்று கேட்டால் இடப்பரவல். ஏனெனில் மிச்சமுள்ள 41.3 சதவீதத்தில் 97.6% என்பது ஏறக்குறைய 40.3 தான். இந்த இரண்டு மட்டுமே சேர்ந்து 99 சதவீதத்தை எட்டிவிடுகின்றன. ஆனாலும் கண்ணாடிக்கூடத்தில் கையால் சேர்த்தால் இவை கலப்பின விதை கொடுக்கும். கூடத்தில் விதை பிடித்ததை மட்டும் வைத்து "தடை இல்லை" என்று முடிப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இனி செய்முறை. மகரந்தப்பை வெடிக்கும் முன், மொட்டாக இருக்கும்போதே மகரந்தத்தாள்களை நுனி மெல்லிய இடுக்கியால் நீக்கி உறையிடுங்கள். ஒவ்வொரு பூவுக்கும் இடையில் இடுக்கியை எத்தனாலில் துடைத்து, உலர்ந்த பிறகே பயன்படுத்துங்கள். ஈரம் மகரந்தத்தைக் கெடுக்கும். கலப்பை இரு திசையிலும் செய்தாக வேண்டும். எழுதும்போது பெண் பெற்றோர் முதலில். தன்பொருந்தாச் சிற்றினம் (தன் மகரந்தத்தையே ஏற்காதது) பெண்ணாகவும் தன்பொருந்தும் சிற்றினம் ஆணாகவும் இருந்தால் கலப்பு தோற்று, திசை மாறினால் வெற்றி பெறுவது தக்காளி உறவுகளில் நன்கு அறிந்த ஒன்று. ஒரு திசையில் மட்டும் செய்தவருக்கு அது தெரியவே தெரியாது.

ஒப்பீட்டுப் பூக்களில்தான் மதிப்பெண் போகிறது. மகரந்தத்தாள் நீக்கி எதுவும் இடாத பூ வேண்டும். அதில் விதை பிடித்தால் உறை கசிந்திருக்கிறது, அல்லது நீக்கியது தாமதம், அல்லது கருவுறாமலே விதை உண்டாகிறது. சொந்த இன மகரந்தம் இடும் ஒப்பீட்டுப் பூவிலும் மகரந்தத்தாளை நீக்க வேண்டும். இல்லையெனில் காயத்தால் குறைந்த விதையைத் தடையின் கணக்கில் எழுதிவிடுவோம். அந்த மகரந்தம் அதே இனத்தின் வேறொரு செடியிலிருந்து வர வேண்டும். தன்பொருந்தா இனத்தில் அதே செடியின் மகரந்தத்தை இட்டுவிட்டு, "சொந்த இனத்திலும் விதை இல்லை" என்று குழம்புவது வழக்கமாக நடக்கிறது.

வேற்றின மகரந்தத்தை மட்டும் இட்டு நிறைய விதை பிடித்தாலும் விசாரணை முடியவில்லை. சொந்த இன, வேற்றின மகரந்தம் இரண்டையும் சம அளவில் கலந்து இட்டுப் பாருங்கள். லூசியானாவின் ஐரிஸ் சிற்றினங்களிலும் சூரியகாந்தியின் உறவுகளிலும் தனியாக இட்டால் வேலை செய்யும் மகரந்தம், போட்டி வந்ததும் பின்தங்கிவிடுகிறது. விதைகளின் தந்தை யார் என்பதை மரபுக்குறிப்பான் (பெற்றோரை அடையாளம் காட்டும் மரபு வேறுபாடு) வைத்துத்தான் பிரிக்க முடியும்.

விதையே பிடிக்காவிட்டால் உடனே "கருவுறுதலுக்கு முந்தைய தடை" என்று எழுதாதீர்கள். கனியைப் பிளந்து பாருங்கள். சுருங்கிய, வெற்றுத் தோலாகிப்போன விதைகள் இருந்தால் கருவுற்ற பின் கருவூண் திசு தோற்றிருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் திசுவில் தாய், தந்தை மரபுப்பங்கு 2 : 1 என்ற விகிதத்தில் இருந்தாக வேண்டும், இருமடியத்தை (இரண்டு குரோமோசோம் தொகுதி உள்ளது) நான்மடியத்தோடு (நான்கு தொகுதி உள்ளது) சேர்க்கும்போது அது குலைகிறது. இளங்கருவை எடுத்து வளர்ப்பு ஊடகத்தில் வைத்தால் செடி வருகிறது என்றால், குறை கருவில் இல்லை, ஊட்டத்தில்தான் என்று உறுதியாகும்.

ஒன்றுமே இல்லாவிட்டால் நுண்ணோக்கிக்குப் போங்கள். மகரந்தம் இட்ட 6, 24, 48 மணி நேரத்தில் சூலகங்களை எத்தனால்-அசிட்டிக் அமிலம் 3 : 1 கலவையில் நிலைப்படுத்துங்கள். ஒரே ஒரு நேரத்தில் எடுத்தால், மெதுவாக வளரும் குழாயையும் நின்றுபோன குழாயையும் பிரித்தறிய முடியாது. கழுவி, சோடியம் ஹைட்ராக்சைடில் மென்மையாக்கி, 0.1 மோலார் டிரைபொட்டாசியம் பாஸ்பேட்டில் கரைத்த 0.1% அனிலின் நீலத்தில் வையுங்கள். சாயத்தைக் கரைத்த உடனே பயன்படுத்தக் கூடாது. நீலம் வெளிறும்வரை விட்டு வடிகட்ட வேண்டும். மென்மையாக்குவது போதாவிட்டால் நசுக்கும்போது தண்டு பிளக்கும், மிஞ்சினால் கூழாகும். ஹைட்ராக்சைடின் செறிவையும் நேரத்தையும் உங்கள் செடிக்கு முன்கூட்டியே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். புற ஊதா ஒளியில் மகரந்தக்குழாயின் காலோஸ் (ஒரு வகைக் கூட்டுச்சர்க்கரை) அடைப்புகள் விட்டுவிட்டுப் பளிச்சிடும். அடைப்பே இல்லாமல் நேர்கோடாக ஒளிர்பவை சாற்றுக்குழாய்கள். அவற்றை மகரந்தக்குழாயாக எண்ணிவிட வேண்டாம். நுனி வீங்கி, காலோஸ் அடர்ந்து, தண்டின் நடுவிலேயே எல்லாக் குழாய்களும் நின்றிருந்தால் தடை அங்கேதான். சூலகமுடியிலிருந்து அந்த இடம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, முழுத் தண்டின் நீளத்தோடு சேர்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.