குவியத்தில் உண்மையில் எவ்வளவு செறிவு?

லேசர் துடிப்பை ஆர்கான் வாயுவில் குவித்து, அதன் அலைவெண்ணின் மடங்குகளான ஹார்மோனிக் ஒளியை உண்டாக்கும் அதிசெறிவு லேசர் ஆய்வகத்துக்குள் வருகிறவர்கள் முதலில் போடும் கணக்கு இது. அலைநீளம் 800 நானோமீட்டர், துடிப்புக்கு 1 மில்லிஜூல், கால அளவு 30 ஃபெம்டோ செகண்ட் (ஒரு ஃபெம்டோ 10⁻¹⁵ நொடி), குவியத்தின் ஆரம் 50 மைக்ரான் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8×10¹⁴ வாட். கணக்கு சரிதான். ஆனால் ஆர்கான் அணு அந்த உச்சம் வரும்வரை காத்திருப்பதில்லை.

ஆர்கானின் வெளி எலக்ட்ரானைப் பிரிக்க 15.76 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். 800 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றிடம் இருப்பது 1.55தான். செறிவு 10¹⁴-ஐ நெருங்கும்போது ஒளியின் மின்புலம் அணுவின் மின்னழுத்தச் சுவரை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. எலக்ட்ரான் அதன் வழியே ஊடுருவி வெளியேறுகிறது. 2.5×10¹⁴ அளவில் தடுக்கச் சுவரே இருக்காது. அதனால் துடிப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே பெரும்பாலான அணுக்கள் அயனியாகிவிடும்.

வெளியேறிய எலக்ட்ரான்களில் சில, புலம் திசை மாறியதும் திரும்பி வந்து தாய் அயனியோடு சேரும். அப்போது பிறப்பவைதான் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள். இயற்பியலாளர் பால் கார்க்கம் 1993-இல் தந்த விளக்கத்தின்படி, அவற்றின் உச்ச ஆற்றல் அயனியாக்க ஆற்றலோடு பாண்டெரோமோட்டிவ் ஆற்றலின் (ஒளியின் புலத்தில் அதிரும் எலக்ட்ரானின் சராசரி ஆற்றல்) 3.17 மடங்கைக் கூட்டினால் வரும். 8×10¹⁴ வாட்டுக்கு இது 167 எலக்ட்ரான்வோல்ட். 2.5×10¹⁴-க்கோ சுமார் 63. நிறமாலைமானியில் தெரியும் எல்லை இந்த இரண்டாவது எண்ணையே ஒட்டி வரும். அந்த எல்லையைத்தான் நான் செறிவுமானியாக நம்புவேன். பவர் மீட்டர் காட்டுவதை அல்ல.

இங்கே ஒரு பொறி உண்டு. லேசர் ஒளியைத் தடுக்க வைக்கும் மெல்லிய அலுமினியத் தகடு, 72 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் எதையும் சரியாக விடாது. நிறமாலை அங்கே சட்டென்று நின்றால் அது தகட்டின் எல்லை, அணுவின் எல்லை அல்ல. எல்லை இன்னும் மேலே போகும் நியானுக்கு மாறும்போது இதில் ஏமாறுவது எளிது.

சிக்னல் குறைந்தால் ஆற்றலைக் கூட்டத்தான் கை போகும். பெரும்பாலும் கற்றையின் விட்டத்தைக் குறைக்கும் ஐரிஸைச் சற்று மூடிப் பார்ப்பதே பலன் தரும். ஆற்றல் குறைந்தாலும் குவியம் நீள்கிறது, பிளாஸ்மா குறைகிறது, லேசரும் ஹார்மோனிக்கும் ஒத்த கட்டத்தில் செல்லும் கட்டப் பொருத்தம் கூடுகிறது. அடுத்து, லேசர் வெற்றிட அறைக்குள் நுழையும் ஜன்னல் கண்ணாடி. 5 மில்லிமீட்டர் ஃப்யூஸ்டு சிலிக்கா 30 ஃபெம்டோ துடிப்பை 34 ஆக்கும், பெரிதாக நஷ்டமில்லை. 10 ஃபெம்டோ துடிப்போ 51 ஆகிவிடும்! அதை ஈடுகட்ட, துடிப்பைச் சுருக்கும் கம்ப்ரஸரை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும்.

எது ஹார்மோனிக், எது லேசர் ஒளியின் கசிவு என்று சந்தேகம் வந்தால் கால் அலைத் தகட்டைச் சுழற்றி ஒளியை, மின்புலம் சுழலும் வட்ட முனைவாக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். திரும்பும் எலக்ட்ரான் அயனியைத் தவறவிடும், ஹார்மோனிக் அணைந்துவிடும். அப்போதும் கேமராவில் வெளிச்சம் மிஞ்சினால், பெரும்பாலும் அலுமினியத் தகட்டில் ஊசித்துளை விழுந்திருக்கும். அறைக்குள் காற்றை வேகமாக விட்டாலோ, பம்ப்பை அவசரமாகத் திறந்தாலோ அப்படித்தான் ஆகும்.